இரண்டு கேஷ், ஒரு காசு

ஆங்கிலச் சொற்களில் பாதி தமிழிலிருந்து போனவை என்று காட்டும் பட்டியல் ஒன்று பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘கொல்’லிலிருந்து ‘கில்’, ‘எட்டு’விலிருந்து ‘எயிட்’, ‘உருண்டை’யிலிருந்து ‘ரவுண்டு’ என்று அது நீளும். அனுப்புகிறவர் மாறுவார், பட்டியல் மாறாது. அவ்வப்போது நாலைந்து சொற்கள் கூடும், அவ்வளவுதான். அதில் தவறாமல் இடம்பிடிக்கும் சொல் ‘கேஷ்’. நம்முடைய காசுதான் கேஷ் ஆயிற்றாம்.

மற்றவற்றைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுகிறவர்கள்கூட இந்த ஒன்றில் கொஞ்சம் தயங்குவார்கள். தயங்குவதில் நியாயமும் இருக்கிறது. ஒலி கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, பொருளோ அச்சாகப் பொருந்துகிறது. வங்கிக்குள் நுழைந்தால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவரின் தலைக்கு மேல் ஒரு வரியில் ‘காசாளர்’ என்றும் அடுத்த வரியில் ‘கேஷியர்’ என்றும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போதாக்குறைக்கு வெள்ளைக்காரர்கள் இந்தக் கரையில் முந்நூறு ஆண்டு வியாபாரம் செய்திருக்கிறார்கள். சுருட்டையும் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் காசை மட்டும் விட்டுவைத்திருப்பார்களா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனாலும் அந்தப் பட்டியல் சொல்வது தவறு. அந்தத் தவறுக்குப் பக்கத்திலேயே ஓர் உண்மை உட்கார்ந்திருக்கிறது. பெருமை பேசக் கிளம்பியவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் குறை.

கடைக்காரர் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறாரே, அந்தக் கேஷின் பூர்வீகம் ஒரு பெட்டி. லத்தீனில் அதற்குக் ‘கப்ஸா’ என்று பெயர். ரோமாபுரியில் சுருள் ஏடுகளை நிறுத்தி வைத்து எடுத்துச் செல்ல உதவிய உருளை வடிவப் பெட்டி அது. பணக்கார வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கப் போகும்போது அடிமை ஒருவன் அதைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பான். (தமிழில் கப்ஸா என்றால் வேறு பொருள். அதை வைத்துக்கொண்டு இன்னொரு பட்டியல் கிளம்பாமல் இருந்தால் சரி.) ரோமப் பேரரசு போன பிறகும் கப்ஸா போகவில்லை. இத்தாலியில் ‘காஸ்ஸா’, ஸ்பெயினில் ‘காஹா’, போர்ச்சுக்கலில் ‘காய்ஷா’, பிரான்ஸில் ‘கெஸ்’ என்று அந்தந்த ஊர் வாய்க்கு ஏற்ப உருமாறியது. மூக்குக் கண்ணாடி வைக்கும் ‘கேஸ்’, மாத்திரைக் ‘கேப்சூல்’, ஒரு காலத்தில் இளையராஜா பாட்டுக்காக ஓடி ஓடி வாங்கிய ‘கேசட்’ எல்லாம் இதே குடும்பம். கேசட் என்றால் பிரெஞ்சில் குட்டிப் பெட்டி.

வணிகர்கள் பணம் போட்டு வைத்த பெட்டியையும் இத்தாலியர்கள் காஸ்ஸா என்றே அழைத்தார்கள். வங்கித் தொழிலிலும் கணக்கெழுத்திலும் அன்று இத்தாலியர்கள்தான் ஐரோப்பாவுக்கு வாத்தியார்கள். அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்களும், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலேயர்களும் பெட்டியோடு பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்த ‘கேஷ்’ முதலில் பணப்பெட்டியையும் குறித்தது, அதிலிருந்த பணத்தையும் குறித்தது. போகப்போகப் பெட்டி உதிர்ந்து, பணம் மட்டும் நின்றது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது இந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சுப் பெட்டியை மூலமாகக் காட்டினார். கையிலோ பெட்டியிலோ தயாராக இருக்கும் பணம் என்று பொருளும் எழுதினார்.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டியதில்லை. மளிகைக் கடையில் ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று முதலாளி கேட்டால் வேலைக்காரப் பையன் பெட்டியின் நீள அகலத்தையா சொல்கிறான்? ‘கல்லா கட்டியது’ என்று சினிமாச் செய்தியில் எழுதுவதும் பெட்டியைப் பற்றியதல்ல. ஐரோப்பாவில் பணம் சார்ந்த சொற்களுக்கு இது பழக்கமான பாதை. அரசின் வரவுசெலவைக் குறிக்கும் ‘பட்ஜெட்’ பழைய பிரெஞ்சில் ஒரு தோல்பை. ‘பிஸ்கல்’ என்று நிதியமைச்சகம் நாள்தோறும் உச்சரிக்கிற சொல்லின் அடியில் இருப்பது பின்னல் கூடை. ரோமப் பேரரசரின் கருவூலத்துக்கே அந்தக் கூடையின் பெயர்தான் வழங்கியது.

இங்கே எழுத்துக்கூட்டலும் சாட்சிக்கு வருகிறது. கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் நிற்கும் ‘ஷ்’ ஒலியைத்தான் பட்டியல்காரர்கள் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவார்கள். காசின் ‘சு’தான் ‘ஷ்’ ஆயிற்று என்பார்கள். ஆனால் அந்த ‘ஷ்’ வந்த வழி ஆங்கிலத்துக்கு உள்ளேயே தெளிவாக இருக்கிறது. பிரெஞ்சில் இரட்டை ‘எஸ்’ எழுதி ‘ஸ்’ என்று ஒலித்த சொற்கள் ஆங்கிலத்துக்கு வந்ததும் ‘ஷ்’ என்று முடிவது வழக்கம். நாய்க்குக் கட்டும் வாரைப் பிரெஞ்சுக்காரர் ‘லெஸ்’ என்பார், ஆங்கிலேயர் ‘லீஷ்’ என்பார். தள்ளு என்பதற்கு அங்கே ‘பூஸே’, இங்கே ‘புஷ்’. ‘ஃபினிஷ்’ஷும் அப்படி வந்ததே. ‘கெஸ்’ஸிலிருந்து ‘கேஷ்’ வருவதும் இதே தடம். ஒற்றைச் சொல்லுக்கு ஒலி ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு வரிசைச் சொற்கள் ஒரே விதமாக மாறியிருந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சொற்பிறப்பு ஆய்வாளர்கள் நம்புவது இந்த வரிசையைத்தான்.

அடுத்து, தேதி. பட்டியல்களில் ஒருபோதும் தேதி இருக்காது.

1598இல் ஜான் புளோரியோ என்பவர் லண்டனில் ஓர் இத்தாலிய-ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் ‘காஸ்ஸா’வுக்குப் பொருள் எழுதும் இடத்தில் வணிகரின் கேஷ் என்று ஆங்கிலத்தில் விளக்குகிறார். விளக்குவதற்குப் பயன்படுத்துகிறார் என்றால், படிப்பவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று அர்த்தம். அடுத்த ஆண்டு, 1599இல், ஷேக்ஸ்பியர் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தை எழுதினார். அதில் பிஸ்டல், நிம் என்று இரண்டு சாராயக்கடைச் சண்டியர்கள். பந்தயத்தில் தோற்ற பாக்கியைக் கொடு என்று நிம் கத்தியை உருவிக்கொண்டு நிற்கிறான். வாய்ச்சவடால் பேர்வழியான பிஸ்டல் கடைசியில் இறங்கி வந்து, கேஷாகவே தந்துவிடுவதாக ஒப்புக்கொள்கிறான். கையிலே காசு, வாயிலே தோசை என்று நாம் சொல்லும் அதே அர்த்தம். தரை டிக்கெட்டில் நின்று நாடகம் பார்த்த லண்டன் கூட்டத்துக்கு அகராதியைப் புரட்டாமலேயே அது விளங்கியது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. அவர்களுடைய முதல் கப்பல்கள் புறப்பட்டது 1601இல், அதுவும் சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும். சென்னையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639இல். ஆங்கிலேய வணிகர் கோரமண்டல் கரையில் ஒரு காசைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே லண்டன் நாடக மேடையில் கேஷ் புழங்கிவிட்டது.

‘ஆங்கிலேயர் வராவிட்டால் என்ன? போர்ச்சுக்கீசியர் நூறு ஆண்டு முன்பே வந்துவிட்டார்களே, அவர்கள் வழியாகப் போயிருக்கலாமே’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பட்டியலை அனுப்புகிறவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் பாதி வழி வந்திருப்பார்கள். ஏனென்றால் போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழ்க் காசு நிஜமாகவே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. போனது இந்தக் கேஷாக அல்ல, வேறொரு கேஷாக.

பெரிய ஆங்கில அகராதி எதையாவது எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினால் ‘கேஷ்’ என்று இரண்டு தலைச்சொற்கள் இருக்கும். முதலாவது பெட்டியிலிருந்து வந்த ரொக்கம். இரண்டாவது, கிழக்கு நாடுகளில் வழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயம். அதற்கு மூலமாகப் போர்ச்சுக்கீசிய மொழியின் ‘காய்ஷா’வையும், அதற்கும் மூலமாகத் தமிழின் ‘காசு’வையும் அகராதிகள் வெளிப்படையாகவே குறிக்கின்றன. யாரும் மறைக்கவில்லை, சதி எதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பி இரண்டாவது பதிவைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது கேஷின் கதைதான் சுவையானது.

1510இல் ரோம் நகரில் அச்சான பயண நூல் ஒன்றை எழுதியவர் லுடோவிகோ டி வார்த்தெமா. பொலோஞாவைச் சேர்ந்த இத்தாலியர். விஜயநகர நாணயங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘காஸ்’ என்ற சிறு காசைக் குறிப்பிடுகிறார். கள்ளிக்கோட்டையில் குரங்குகள் ஏராளம் என்றும் ஒரு குரங்கின் விலை நான்கு காசு என்றும் போகிறபோக்கில் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பிய அச்சுப் புத்தகத்தில் நம் காசு இவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டது, குரங்குக்கு விலை சொல்லிக்கொண்டு.

போர்ச்சுக்கீசியர் அந்தச் சொல்லைக் கேட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. மலையாளக் கரையில் காசின் நடு ஒலி ‘ஷ’வுக்குப் பக்கத்தில் நிற்கும். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் ‘காய்ஷா’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. கேட்ட புதுச் சொல்லைத் தெரிந்த பழைய சொல்லின் அச்சிலேயே வார்த்துவிட்டார்கள். நாணயத்துக்கும் காய்ஷா, பெட்டிக்கும் காய்ஷா. ரோமானியப் பெட்டியும் தமிழ்க் காசும் ஒரே எழுத்துக்கூட்டலில் முதன்முதலாகக் கைகுலுக்கிக்கொண்டது லண்டனில் அல்ல, போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் வாயில்தான். பிற்பாடு ஆங்கிலேயர்களும் இதையேதான் செய்தார்கள். ‘காய்ஷா’ என்றும் ‘காஸ்’ என்றும் பலவிதமாக எழுதிக்கொண்டிருந்த நாணயப் பெயரைத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த ‘கேஷ்’ஷின் எழுத்துக்கூட்டலில் நிலைநிறுத்தினார்கள். இரண்டு கேஷ்களும் ஒன்று என்ற மயக்கம் இன்று நமக்கு வருகிறதென்றால் அதற்கு விதை போட்டவர்கள் அவர்களே.

போர்ச்சுக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கே ‘கிளிங்’ என்று அழைக்கப்பட்ட தமிழ் வணிகர்கள் அப்போதே செல்வாக்கோடு இருந்தார்கள். இந்தியாவில் கேட்ட காசு என்ற பெயரை, தென்கிழக்காசியச் சந்தைகளில் கண்ட சிறு நாணயங்களுக்கும் போர்ச்சுக்கீசியர் வைத்தார்கள். கோவாவில் ஆர்ச்பிஷப்பிடம் செயலாளராக வேலை பார்த்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் எழுதிய நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தது. சுந்தா பகுதியில் ‘காய்ஷா’ என்ற செப்புக் காசு தவிர வேறு பணம் இல்லை என்கிறார் அவர். ஹாலந்தின் ‘டொயிட்’ காசு அளவு இருக்கும், கனம் அதில் பாதிகூட இல்லை, நடுவில் துளை, இருநூறு, ஆயிரம் என்று கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்று விவரிக்கிறார். புளோரியோவின் அகராதி வந்த அதே ஆண்டு. ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், இரண்டு கேஷும் இரண்டு வேறு புத்தகங்களில் தனித்தனியாக அச்சேறியிருக்கின்றன. இரண்டுக்கும் மூலம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேடிப் போக வேண்டியதில்லை.

அந்த டச்சு ‘டொயிட்’ காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ‘துட்டு’ அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். அது சரியென்றால், லின்ஸ்கோட்டன் ஒரே வாக்கியத்தில் காசையும் துட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். ‘துட்டு இருக்கா?’ என்று அச்சுத் தமிழாகக் கேட்கிறவர் டச்சு பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்ற சேதியை எந்த வாட்ஸ்அப் குழுவும் பரப்புவதில்லை. சொற்கள் போவதும் வருவதும் ஒரே துறைமுகம் வழியாகத்தானே?

சென்னையில் கம்பெனி 1818 வரை கணக்கு வைத்தது வராகனிலும் பணத்திலும் காசிலும். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆங்கிலத்தில் ‘கேஷ்’, ‘ஃபனம்’, ‘பகோடா’ என்று எழுதினார்கள். மூன்றில் இரண்டு தமிழ். ஒரு வராகனுக்கு 3,360 காசு என்று கம்பெனி குமாஸ்தா மனக்கணக்குப் போட வேண்டியிருந்திருக்கும். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று பிறகு ஈடு கட்டினார்கள். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 960 காசு. காசு என்பது எவ்வளவு சின்னத் தொகை என்பது இதிலிருந்து தெரியும்.

இந்தக் கணக்குக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலை நீராவி இயந்திரத்தில் செப்புக் காசுகளை அடித்துக் கொடுத்தது. 1808 என்று தேதியிட்ட 20 காசு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கம்பெனியின் கேடயச் சின்னம், இரு புறமும் சிங்கங்கள், கீழே ஆண்டு. திருப்பினால் பாரசீக எழுத்தில் ஒரு வாசகம்: இருபது காஸ் நான்கு ஃபுலூஸ் ஆகும் என்று பொருள். அதற்கு அடியில் ரோமன் எண்ணில் இருபது போட்டு ஆங்கிலத்தில் ‘கேஷ்’. பாரசீக வரியில் இருக்கும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மொழியில் ‘ஸ’வுக்கு ஒரு எழுத்து, ‘ஷ’வுக்கு இன்னொரு எழுத்து. இரண்டும் இருக்க, நாணயத்தில் ‘ஸ’ போட்டிருக்கிறது. சென்னையில் காது கேட்டது ‘காஸ்’. ஆங்கில வரியில் மட்டும் அது ‘ஷ்’ போட்டுக்கொண்டது, லண்டன் பெட்டியின் எழுத்துக்கூட்டலைக் கடன் வாங்கி. ஒரே செப்புத் தகட்டில் இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று திருத்தம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. இதைவிடச் சுருக்கமான சொற்பிறப்புப் பாடம் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

அப்படிப்பட்ட காசுகளைப் பல டன் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையை விட்டுத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அவற்றை மேலே எடுத்தார்கள். நாணயம் சேகரிப்பவர்களிடம் இன்று எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் கம்பெனிக் காசுகளில் பல, சென்னையைப் பார்க்காமலே நூற்றெழுபது ஆண்டு கடலுக்கடியில் கிடந்தவை.

மற்றவர்களும் சும்மா இல்லை. தரங்கம்பாடியில் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் ‘கஸ்’ என்று பெயரிட்டு அடித்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்தச் சமஸ்தானம் 1949இல் மறையும்வரை காசு நாணயம் அங்கே புழங்கியது. நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்களிடம் சக்கரக் கணக்குக் கேட்டால் முகம் மலர்ந்து சொல்லும் தலைமுறை ஒன்று இருந்தது. புதுக்கோட்டையின் அம்மன் காசு இன்னும் அழகு: நகக்கண் அளவு செம்பு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் சமஸ்தானம் மக்களுக்குக் கொடுத்தது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது சீனத்துக் கதை. நடுவில் சதுரத் துளையிட்ட வட்ட வடிவ வார்ப்புக் காசுகளைச் சீனர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பயன்படுத்தினார்கள். தாங் வம்சம் 621இல் வெளியிட்ட காசின் அமைப்பே, நான்கு எழுத்தும் நடுத் துளையுமாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மாறவில்லை. சீனர்கள் அதை ‘வென்’ என்றார்கள், ‘சியென்’ என்றார்கள். ஒருபோதும் காசு என்று சொன்னதில்லை. ஆனால் போர்ச்சுக்கீசியர் கொண்டுபோய் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். இன்றைக்கும் நியூயார்க்கில் ஏலம் விடுகிறவரும் லண்டன் அருங்காட்சியகத்தில் அட்டை எழுதுகிறவரும் அதைச் ‘சைனீஸ் கேஷ்’ என்றுதான் குறிக்கிறார்கள். சீன நாணயவியலின் அடிப்படைச் சொல் ஒன்று தமிழ். தஞ்சை வட்டாரத்தில் சீனச் செப்புக் காசுகள் புதையலாகக் கிடைத்திருப்பதையும், சீனத்தின் குவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பெயருக்கு ஒரு பொருத்தம்கூடத் தெரியும். பெருமை வேண்டுமென்றால் இதில் வேண்டிய அளவு இருக்கிறது. இதை விட்டுவிட்டு, லண்டன் மளிகைக் கடையின் பெட்டிக்கு உரிமை கொண்டாடப் போவது என்ன புத்திசாலித்தனம்?

பட்டியல் போடுகிறவர்கள் கெட்ட நோக்கத்தோடு போடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை, எல்லாம் வடமொழியிலிருந்து வாங்கியது என்று நெடுங்காலம் சொல்லிச் சொல்லிக் குட்டுப்பட்ட தலை அது. எதிர்ப்பக்கம் வேகமாகச் சாய்வது மனித இயல்பு. ஆனால் அந்தக் குட்டிலிருந்து தமிழை மீட்டது வெறும் சாயல் பார்க்கும் வித்தை அல்ல. 1816இல் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எஃப். டபிள்யூ. எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரி, தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களின் வேர்களை வரிசையாக அடுக்கி, இவை தனிக் குடும்பம், சம்ஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று காட்டினார். ஒரு தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரையாக அது அச்சானது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு நாற்பது ஆண்டு முந்திய வேலை. வேர்களை வரிசையாக வைப்பது, ஒலி மாற்றத்தில் ஒழுங்கு தேடுவது, எந்தச் சொல் எந்த வழியாக எப்போது வந்தது என்று கேட்பது: எல்லிஸின் முறை இதுதான். (இதே எல்லிஸ் காலத்தில்தான் சென்னை நாணயச்சாலையில் திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு அடிக்கப்பட்டது என்று ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டியிருக்கிறார்.) தமிழின் தனித்தன்மைக்கு நிரூபணம் கொடுத்த அந்த முறையையே, ‘எட்டு—எயிட்’ என்று எழுதுகிறவர் தூக்கிப் போடுகிறார். எயிட் என்ற சொல்லில் இன்று ஒலிக்காமல் நிற்கும் ‘ஜி எச்’ ஒரு காலத்தில் ஒலித்தது. ஜெர்மன்காரர் இன்றும் ‘ஆக்ட்’ என்று சொல்கிறார், லத்தீனில் ‘ஆக்டோ’. அந்தக் ‘க்’ ஒலிக்குத் தமிழ் எட்டில் இடமே இல்லை. ஒரு நிமிஷம் எழுத்துக்கூட்டலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. நாளைக்கு ஒரு வெளிநாட்டு ஆய்வாளரிடம் நம் பிள்ளை ‘குருந்தம்தான் கொரண்டம் ஆயிற்று, வெட்டிவேர்தான் வெட்டிவர் ஆயிற்று’ என்று உண்மையைச் சொல்லும்போது, அதையும் ‘கில்—கொல்’ வகையில் சேர்த்து அவர் புன்னகையோடு கடந்துபோவார். பொய்க் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிய மெய்க் கணக்கையும் தணிக்கைக்காரர் நம்ப மாட்டார். பள்ளி ஆண்டுமலர்களிலும் சில மேடைகளிலும் இந்தப் பட்டியல் ஏறியிருப்பதால் இது வெறும் கைபேசி விளையாட்டு என்றும் விட்டுவிட முடியவில்லை. ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால், ஒரு பாடவேளையில் கேஷின் இரண்டு பதிவுகளையும் கரும்பலகையில் எழுதி, எது எந்த வழியில் வந்தது என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லலாம். வார்த்தெமாவின் குரங்கு ஒன்று போதும், வகுப்பு தூங்காது.

காசின் சொந்த ஜாதகத்தைப் பார்ப்பதும் அந்தப் பாடத்திலேயே சேரும். அது இன்னும் முழுக்கக் கணிக்கப்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு சர்வ சாதாரணம். ஊர்ச்சபைகளுக்குக் கோயில் காசு கடன் கொடுத்து, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கியிருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, நம் கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். வட்டியைக் கல்வெட்டு ‘பலிசை’ என்று சொல்லும். இதற்கெல்லாம் முன்பு, சங்கப் பாட்டிலேயே காசு வந்துவிட்டது. கிளி தன் அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்த அள்ளூர் நன்முல்லையாருக்கு, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் நகநுனியில் பிடித்திருக்கும் பொற்காசு நினைவுக்கு வந்தது. அங்கே காசு என்பது கடையில் நீட்டும் பணம் அல்ல, கழுத்திலோ இடையிலோ அணியும் அணியின் உறுப்பு. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என்று வாய்பாடு மனப்பாடம் செய்த எவருக்கும் அந்தச் சொல்லின் பழமை வாயிலேயே இருக்கிறது.

மறுபக்கம், சம்ஸ்கிருதத்தில் ‘கர்ஷ’ என்று ஒரு நிறுத்தலளவு உண்டு. பழைய பாரசீகத்திலும் அதே பெயரில் ஓர் எடை. பொன்னும் வெள்ளியும் நிறுக்க உதவிய அந்த அளவிலிருந்து தமிழ்க் காசு வந்தது என்று ஆங்கில அகராதிகள் சில எழுதுகின்றன. ரகரம் கெட்டு முன்னெழுத்து நீளுவது பிராகிருதங்களில் நடக்கக்கூடியதுதான், ஒலியளவில் தடை பெரிதாக இல்லை. மணியாக, அணியாக இருந்த காசு முந்தியது, நாணயம் பிந்தியது என்று நிறுவ முடிந்தால் எடைக் கதை பலவீனப்படும். நாணயமாகவே நுழைந்து அணியில் ஏறியது என்றால் அது வலுக்கும். காசுமாலை இரண்டுக்கும் சாட்சி சொல்லும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. சங்கத் தொகைகளில் காசு வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அகழாய்வில் கிடைத்த மணிகளோடும் முத்திரை நாணயங்களோடும் ஒட்டிப் பார்க்க வேண்டும். அதைச் செய்கிறவருக்குப் பழந்தமிழும் தெரிந்திருக்க வேண்டும், பிராகிருதமும் தெரிந்திருக்க வேண்டும், தராசு பிடித்துக் குன்றிமணிக் கணக்கில் நாணயத்தை நிறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.